ஒரு வீலிங்... 20 மாசக் கணக்கு!

பைக்ல முன் வீலைத் தூக்கி ஓட்டினா என்ன கிடைக்கும் பாஸ்? நம்ம ஊர்ல ஃபைன், வீட்ல திட்டு. அமெரிக்காவில் ஒருத்தருக்கு ஜெயில் வாசல் வரைக்கும் வழி கிடைச்சது!

ஆள் மீக் மில், பிலடெல்ஃபியா ராப் பாடகர். 2007-ல், 19 வயசுல (நம்ம செட் வயசு!), போதைப்பொருள், துப்பாக்கி கேஸ்ல மாட்டினார். 2009-ல் கொஞ்ச காலம் ஜெயில், அப்புறம் பல வருஷம் புரொபேஷன்னு தீர்ப்பு. புரொபேஷன்னா, 'வெளியில் இரு... ஆனா நான் சொல்றபடி இரு!' என்று கோர்ட் போடும் கண்டிஷன். சொல்லாம ஊர் தாண்டக் கூடாது. போதைப் பரிசோதனையில் தேறணும். போலீஸ் கையில் சிக்கவே கூடாது. மனுஷன் அப்பப்போ மீறினார். 2014-ல் மறுபடி ஜெயில், 2016-ல் வீட்டுக் காவல், கூடவே இன்னும் சில வருஷம் புரொபேஷன்.

2017-ல் நியூயார்க் தெருவில் வீலிங் பண்ணி, அதை இன்ஸ்டாகிராம்ல வேற போட்டார். கைது! அதே வருஷம் ஓர் ஏர்போர்ட் தகராறு. ரெண்டு கேஸுமே நிற்கலை. ஆனாலும் அந்த நவம்பரில் இதையெல்லாம் சேர்த்து, ரெண்டு முதல் நாலு வருஷம் சிறை என்றார் நீதிபதி. அரசு வக்கீலும் கண்காணிப்பு அதிகாரியும் ஜெயில் வேண்டாம்னு சொல்லியும்!

எப்படி முடியும்? இந்த விசாரணையில் ஜூரி கிடையாது. புதுக் குற்றம் நிரூபணமாகணும்னு இல்லை. கண்டிஷனை மீறினாரா, அவ்வளவுதான் கேள்வி. ஆமான்னா, பழைய கேஸ் தண்டனை எழுந்து வந்துடும். ஃபர்ஸ்ட் செமஸ்டர் அரியர் ஃபைனல் இயர்ல வந்து காலை வாருமே... அப்படி.

அப்பீல் போனார். ஜெயிச்சது வீலிங் வாதத்தில் இல்லைங்க, அடிமட்டத்தில்! 2007-ல் அவரைப் பிடிச்ச போலீஸ்காரர்தான் பழைய கேஸில் அரசுத் தரப்பின் ஒரே சாட்சி. அவர் பேச்சை இப்ப எங்களாலேயே நம்ப முடியலைன்னு அரசுத் தரப்பே கைவிரிச்சது. 2019 ஜூலையில் பென்சில்வேனியா மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய தீர்ப்பையே ரத்து பண்ணி, வேற நீதிபதி முன்னால் புது விசாரணைன்னு சொல்லிடுச்சு. அஸ்திவாரம் போனதும் மேலே இருந்த புரொபேஷன் மீறல் தண்டனையும் விழுந்தது. அடுத்த மாசமே துப்பாக்கி வைத்திருந்த சின்னக் குற்றத்தை மட்டும் ஒப்புக்கொண்டார், மேற்கொண்டு தண்டனை இல்லை. துப்பாக்கி இருந்தது நிஜம். அவர் ஒண்ணும் புத்தர் இல்லை!

இப்ப கால்குலேட்டரை எடுங்க. 2017 நவம்பரில் உள்ளே. அப்பீல் தீர்ப்பு 2019 ஜூலை. நடுவில் 20 மாசம். குறைந்தபட்ச தண்டனையே 24 மாசம்தான்! அவர் 2018 ஏப்ரலிலேயே வெளியே வந்தது, மாநில உச்ச நீதிமன்றம் ஜாமீன் தரச் சொன்னதால். வந்த வேகத்தில் ஹெலிகாப்டர் ஏறி பாஸ்கெட்பால் மேட்ச் பார்க்கப் போயிட்டார். வெளியே ரசிகர்கள் ஊர்வலம், ஜே-ஸி மாதிரி பெரிய தலைகளோட குரல், காஸ்ட்லி வக்கீல்கள்...

இதெல்லாம் இல்லாத ஒரு பையனுக்கு அந்த ஜாமீன் கிடைக்கலைன்னு வெச்சுக்கோங்க. 'நீ ஜெயிச்சுட்டேப்பா!'ங்கிற தீர்ப்பு வரும்போது, குறைந்தபட்ச தண்டனையில் அவனுக்கு மிச்சமாகிறது நாலே மாசம்.