நம்மூர்க் கதை பிரெஞ்சு மொழியில்!

பழுவேட்டரையர் என்றதும் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்? கல்கியின் "பொன்னியின் செல்வன்" கதையில் வரும் கிழவர்தானே?

பழுவேட்டரையர்கள் வெறும் கதாபாத்திரங்கள் அல்ல. உண்மையாகவே வாழ்ந்த சிற்றரசர்கள். அவர்கள் ஆண்ட பழுவூர், இன்று அரியலூர் மாவட்டத்தில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என்ற பெயர்களில் இருக்கிறது. அவர்கள் காலத்துக் கோவில்களும் கல்வெட்டுகளும் இன்றும் அங்கே உள்ளன.

இவர்களைப் பற்றி 2024-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிப் புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் யார் தெரியுமா? வாலரி ஜில்லே என்ற பிரெஞ்சுப் பெண்மணி!

பிரெஞ்சுக்காரர்களுக்கு நம் சீமை புதிதல்ல. 1751-ம் ஆண்டில், பெரம்பலூரை அடுத்த வாலிகண்டபுரம் பக்கம் ஆங்கிலப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதிக்கொண்டன. அன்று துப்பாக்கியோடு வந்தார்கள். பிற்காலத்தில் அளவு நாடாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு வந்தார்கள்!

பழைய பத்திரிகை

ஆசிய நாடுகளின் பழமையை ஆராய, பிரெஞ்சுக்காரர்கள் 1900-ம் ஆண்டில் ஒரு நிலையம் அமைத்தார்கள். 1901-ல் அதற்கு ஒரு பத்திரிகையும் தொடங்கினார்கள். அது கதைப் பத்திரிகை அல்ல. அறிஞர்கள் தாங்கள் கண்டறிந்ததை எழுதும் ஆராய்ச்சிப் பத்திரிகை. நம் கோவில்கள், சிற்பங்கள், கல்வெட்டுகள் பற்றியும் அதில் கட்டுரைகள் வந்திருக்கின்றன.

அதே நிலையம் 1994-ல் கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டது. பியர் பிஷார் என்ற கட்டிடக் கலைஞர், ராஜேந்திர சோழன் கட்டிய கோவிலை அளந்து, வரைபடங்களோடு எழுதியது அது. நம் தியாகராஜன் என்ற அறிஞருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் நூல் இருப்பது பிரெஞ்சு மொழியில்!

"அன்னியர் எழுதியது நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, இந்தக் கோவில் மதிலின் கற்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். போன கல் போனதுதான். அளந்து எழுதி வைத்திருந்தால், அந்த மதில் ஏட்டிலாவது நின்றிருக்கும் அல்லவா? எந்த மொழியில் எழுதினால் என்ன, எழுதி வைத்தவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

வீடு தேடி வந்தது

முன்பெல்லாம் இந்தப் பத்திரிகையைப் பார்க்க வேண்டுமானால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்ற பெரிய நூலகங்களைத் தேடிப் போக வேண்டும். இப்போது காலம் மாறிவிட்டது. 2005-ம் ஆண்டில் "பெர்சே" என்ற இணைய நூலகம் தொடங்கப்பட்டது. பிரெஞ்சு அரசின் பணத்தில் நடப்பது அது. 1901 முதல் வந்த பழைய இதழ்களை அதில் காசில்லாமல் படிக்கலாம். ஜெயங்கொண்டத்து மாணவன் தன் செல்போனிலேயே திறந்து பார்க்கலாம்!

கதவு திறந்துவிட்டது. ஆனால் உள்ளே போனால், எழுத்துப் புரியவில்லை!

"செல்போனே மொழிபெயர்த்துவிடுமே?" என்பீர்கள். ஓரளவுக்குச் செய்யும். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் நம் பெயர்களைத் தனி முறையில் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் "க" ஒலிக்கும் எழுத்தையே அவர்கள் "ச"வுக்குப் போடுகிறார்கள். இயந்திரம் ஏமாந்தால் சோழன் "கோழன்" ஆகிவிடுவான்! விஷயம் தெரிந்த மனிதர் ஒருவர் பக்கத்தில் இருந்தே தீர வேண்டும்.

இன்று பிரெஞ்சு அறிஞர்களே பலர் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். பழுவூர்ப் புத்தகமும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. உலகம் படிக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். நல்லதுதான். ஆனால் பழுவூர்க்காரர் படிக்க வேண்டாமா?

என்ன செய்யலாம்?

பெரிய செலவு வேண்டியதில்லை. தமிழ்நாட்டைப் பற்றி வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும், எளிய தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் போட வேண்டும். அதை எழுதியவரும் வெளியிடுபவரும் தங்கள் கடமையாகக் கொள்ள வேண்டும். பழைய கட்டுரைகளுக்குப் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த தமிழர்கள் உதவலாம். கல்லூரிகள் அந்த வேலையை மாணவர்களுக்குக் கொடுக்கலாம். அந்தச் சுருக்கங்கள் பெரம்பலூர், அரியலூர் நூலகங்களில் எல்லோர் கைக்கும் எட்டும்படி இருக்க வேண்டும்.

இன்னொன்று. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பழைய பத்திரிகைகளைக் காப்பாற்றிய விதத்தையும் நாம் பார்க்க வேண்டும். நம் தமிழ் இணையக் கல்விக்கழகம் தமிழ் மின்னூலகத்தை நடத்துகிறது. பழைய தமிழ்ப் பத்திரிகை வைத்திருப்பவர்கள் அதைக் கரையானுக்குக் கொடுக்காமல், அங்கே கொடுத்துப் பதிவு செய்யலாமே!

அடுத்த முறை குடும்பத்தோடு கங்கைகொண்ட சோழபுரம் போவீர்கள். "இதை எப்படிக் கட்டினார்கள் அப்பா?" என்று குழந்தை கேட்கும். பதில் எழுதப்பட்டு இருக்கிறது. அது தமிழில் கிடைக்கும்படி செய்வது நம் பொறுப்பு!