மேல்கோட்டையைப் "பார்த்தாச்சு" என்பவர்களுக்கு

"மேல்கோட்டையா? அதான் பார்த்தாச்சே!"

மைசூரில் இருக்கும் நம்ம மக்களிடம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. எப்போ பார்த்தீங்க? அஞ்சு வருஷம் முன்னாடி, ஊர்லேர்ந்து மச்சினர் குடும்பம் வந்தப்போ. எவ்வளவு நேரம்? கோயில், குளம், புளியோதரை, 'தளபதி' படம் எடுத்த இடத்துல ஒரு போட்டோ, மொத்தம் ரெண்டு மணி நேரம். பிருந்தாவனத்துல ஃபவுண்டன் போட்டுடுவான், எல்லாரும் வண்டியில ஏறுங்க!

இதுக்குப் பேர் பார்த்ததா? பேங்க் வாசலைக் கடந்து போனவரெல்லாம் கஸ்டமர்னு நான் கணக்குக் காட்டினா ரீஜனல் ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?

என் கட்சி இதுதான். சின்ன ஊர் காலால் போனால்தான் கண்ணில் படும். அப்படிப் பட்ட ஊருக்குத் திரும்பவும் போகணும். முதல் தடவை போவது கண்டுபிடிக்க மட்டும்தான்.

ஹெப்பாளிலிருந்து மேல்கோட்டை சுமார் 50 கி.மீ. ஆபீஸ் நண்பர்கள் இருவரோடு மூன்று நாளில் நடந்தேன். ("உனக்கென்ன வேண்டுதலா?" - தங்கமணி.) பெரிய ரோட்டை விட்டு, பெளகொளா, ரங்கனதிட்டு பக்கமாக ஸ்ரீரங்கப்பட்டணம். காரில் போனால் இந்த ஊர் திப்பு 1799-ல் இறந்த இடம், கோடை மாளிகை, ரங்கநாதர், அவ்வளவுதான். நடந்து போனால்தான் இது ஒரு தீவு என்பதே உறைக்கிறது. 1804-ல் கட்டிய வெல்லெஸ்லி பாலத்தைப் போய்ப் பாருங்க. வளைவே கிடையாது, வரிசையாகக் கல்தூண்கள், மேலே கல். கீழே காவிரி. இங்கே இருப்பவர் ஆதிரங்கர், நம்ம ஸ்ரீரங்கத்தில் இருப்பவர் அந்தியரங்கர். அதே தண்ணீர்தானே அங்கேயும் போகிறது!

அடுத்தது பாண்டவபுரா. யாரும் போகாத ஊர். ஹைதர், திப்பு காலத்தில் பிரெஞ்சு சிப்பாய்கள் முகாம் போட்டதால் பழைய பெயர் பிரெஞ்சு ராக்ஸ். குந்திபெட்டா என்ற பாறைக்குன்று, சுற்றிலும் கரும்பு. டிக்கெட் வாங்கிப் பார்க்கிற சமாச்சாரம் எதுவும் இல்லை. நாங்கள் மூவரும் நொண்டிக்கொண்டு போனதைப் பார்த்து டீக்கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அடுத்த மாதம் குடும்பத்தோடு போனபோது முதல் கேள்வியே "காலு ஹேகிதே சார்?" மைசூர் அரண்மனைக்கு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அங்கே என் காலைப் பற்றி யார் கேட்டார்கள்? :-)

எக்ஸ்பிரஸ்வேயைக் குறை சொல்ல வரவில்லை, நானும் அதில் போகிறவன்தான். ஆனால் 2023 மார்ச்சில் அது திறந்த பிறகு ராமநகரா, சன்னபட்டணா, மத்தூர் எல்லாம் பைபாஸுக்கு வெளியே போய்விட்டன. வியாபாரம் படுத்துவிட்டது என்று மத்தூர் வடை விற்றவர்களும் பொம்மைக் கடைக்காரர்களும் புலம்பினார்கள். வழியில் இருந்ததால் நின்றோமே தவிர, அந்த ஊருக்கென்று யார் போனோம்?

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களையும் கேட்கிறேன். சிங்கம்புணரியிலும் நத்தத்திலும் மோர் கொடுத்தார்கள், படுக்கத் திண்ணை கொடுத்தார்கள். தைப்பூசம் முடிந்ததும் பஸ் ஏறியாச்சு. ஆடியிலோ ஐப்பசியிலோ அந்த ஊருக்கு ஒருநாள் போனவர் கை தூக்குங்க பார்ப்போம்!

மேல்கோட்டைக்குப் போகும் வழியில் தொண்ணூர். ராமானுஜர் கட்டுவித்தது என்று சொல்லப்படும் பெரிய ஏரி, நம்பி நாராயணர் கோயில். அங்கே நின்றுகொண்டு யோசித்தேன். சோழநாட்டில் தொந்தரவு, மனுஷர் கிளம்பி இந்தப் பக்கம் வந்தார். திரும்பிப் போகும் நாளை எண்ணிக்கொண்டு உட்காரவில்லை. பத்து வருடத்துக்கு மேல் இருந்து, கோயில், உற்சவம் என்று இந்த மண்ணைத் தன் ஊராக்கினார். வீட்டில் இன்றும் ஒருவகைத் தமிழ் பேசும் மண்டயம், ஹெப்பார் ஐயங்கார்கள் இந்தப் பக்கத்துக்காரர்கள்தான். ஜெயலலிதா 1948-ல் பிறந்ததும் இதே மேல்கோட்டையில்.

நாம்? லாங் வீக்எண்ட் வந்தால் தட்கலுக்கு அடித்துக்கொண்டு ஊருக்கு ரயிலேறுகிறோம். மைசூர் வீடு லாட்ஜ் மாதிரி. ஊரிலாவது இருக்கிறோமா? வருஷத்துக்கு ஆறு நாள், அதிலும் ரெண்டு கல்யாணம். என் பெண்ணிடம் "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் என் முகத்தைப் பார்ப்பாள். இப்போது பாண்டவபுரா டீக்கடை பன் பற்றி ஆரம்பித்துவிடுகிறாள்.

அம்மா அப்பா அங்கே இருக்காங்களே என்பீர்கள். போங்க, யார் வேண்டாம் என்றது? வருஷத்தில் மிச்சம் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளை மாலில் தள்ளுவதைத்தான் கேட்கிறேன்.

தட்கல் கிடைக்கவில்லையா? மைசூரிலிருந்து பாசஞ்சர் ரயில் பிடித்து பாண்டவபுராவில் இறங்குங்க. ஸ்டேஷன் ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. ஆட்டோவைக் கூப்பிடாதீங்க.