பராக்கு ஒரு பாவமா?

“பராக்குப் பார்க்காதே!” என்னும் அதட்டலைக் கேளாமல் நம் பள்ளிகளில் ஒரு நாளும் கழிவதில்லை. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும் அதுவே ஒலிக்கிறது; மாலைச் செபவேளையில் வீட்டிலும் அதுவே ஒலிக்கிறது. செபத்தில் வரும் பராக்குகளைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப் பழகியவர்கள் நாம். ஆகவே கவனம் சிதறும் பிள்ளையைக் கண்டால் நம் மனம் முதலில் குற்றத்தைத் தேடுகிறது, காரணத்தைத் தேடுவதில்லை. இந்தப் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாக அழைக்கும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாற்றைப் பற்றி இன்று பலரும் பேசுகிறார்கள். ஆயினும் பிள்ளையை முறையாகப் பரிசோதிக்க அழைத்துச் செல்லலாமே என்று சொன்னவுடன் தடைகள் எழுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

“இது மேனாட்டார் கட்டிவிட்ட நாகரிக நோய், மருந்துக் கம்பெனிகளின் வியாபாரத் தந்திரம்” என்பது முதல் தடை. வரலாறு இதனை மறுக்கிறது. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-லேயே ஒன்றிலும் மனத்தை நிலைநிறுத்த இயலாதோரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்து மருத்துவர் ஹைன்ரிக் ஹோஃப்மன் 1840-களில் வெளியிட்ட சிறுவர் படநூலில் உணவு மேசையில் ஓயாமல் ஆடி அசையும் பிலிப் என்ற சிறுவன் வருகிறான். 1902-ல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய 43 சிறுவர்களைப் பற்றி விரிவுரை ஆற்றினார். இக்கோளாற்றுக்கு இன்று பெரிதும் வழங்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் என்னும் மருந்தோ 1950-களில்தான் விற்பனைக்கு வந்தது. மருந்து பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்ட ஒன்றை மருந்து வியாபாரிகள் எவ்வாறு கற்பித்திருக்க முடியும்? பல கண்டங்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவருக்கு இது இருப்பதாகக் கணிக்கிறார்கள். அப்படியெனில், நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் இருவர்!

“இரண்டு அடி போட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்பது இரண்டாம் தடை. அடி அச்சத்தைத் தரும். அச்சம் சில நிமிடங்கள் பிள்ளையை அசையாமல் வைக்கும். ஆனால் அடி மூளையை வளர்க்காது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தார் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்பிள்ளைகளின் மூளைப் புறணியின் வளர்ச்சி மற்றப் பிள்ளைகளைவிடச் சராசரியாக மூன்று ஆண்டுகள் பிந்தியிருந்தது. இரட்டைக் குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளோ இதில் பரம்பரையின் பங்கு மிகப் பெரிது என்று காட்டுகின்றன. “அவன் அப்பனும் சிறுவயதில் இப்படித்தான்” என்று பாட்டிமார் சொல்வது வெறும் பேச்சன்று. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த ஒன்றுக்காகத் தந்தையே மகனை அடிப்பது எவ்வகை நீதி?

“கிரிக்கெட் என்றால் மூன்று மணி நேரம் நிற்கிறானே! அப்போது மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இக்கோளாறுடையோரிடம் கவனம் இல்லாமற்போவதில்லை; அதனை வேண்டிய இடத்தில் நிறுத்தவும் வேண்டாத இடத்திலிருந்து மீட்கவும் அவர்களால் இயல்வதில்லை. நொடிக்கு நொடி புதுமையும் உடனடிப் பலனும் உள்ள விளையாட்டில் கவனம் தானே ஒட்டிக்கொள்கிறது. பலன் எங்கோ தொலைவில் இருக்கும் வாய்பாட்டில் அது வழுக்கி விழுகிறது. விருப்பம் இருந்தும் இயலாமையே இவர்களின் துன்பம்.

இங்கேதான் நம் சமய உணர்வும் தெளிவடைய வேண்டும். சோம்பல் தலையான பாவங்கள் ஏழினுள் ஒன்று என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம்; நன்று. ஆனால் பாவம் என்பதற்கு அறிவும் சம்மதமும் வேண்டும் என்பதையும் அதே வகுப்பில் கற்பிக்கிறோம் அன்றோ? 1992-ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், அதன் 1735-ஆம் எண்ணில், அறியாமையும் கவனமின்மையும் உளவியல் காரணங்களும் ஒருவரது குற்றப்பொறுப்பைக் குறைக்கலாம், நீக்கவும் கூடும் என்று கூறுகிறது. திருச்சபை இவ்வளவு நிதானமாகப் பேசும் இடத்தில், ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்துச் “சோம்பேறி” என்று தீர்ப்பிட நமக்கு என்ன அவசரம்?

மூன்றாம் தடை பெயரைப் பற்றிய அச்சம். “டாக்டரிடம் கொண்டுபோனால் பிள்ளைமேல் ஒரு முத்திரை விழுந்துவிடுமே! நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது...” என்று தயங்குகிறார்கள். அப்பிள்ளைக்கு ஏற்கெனவே எத்தனை முத்திரைகள் விழுந்துவிட்டன என்று எண்ணிப் பார்த்தார்களா? அடங்காப்பிடாரி, மறதிக்காரி, உருப்படாதவன், திமிர் பிடித்தவள். இப்பெயர்களைச் சூட்டியவர்கள் எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. இப்பெயர்களால் எந்த உதவியும் கிட்டவில்லை. மருத்துவர் இடும் பெயர் ஒன்றே வழி காட்டும் பெயர்.

இம்முத்திரைக்கும் தப்பி மறைந்து கிடப்பவர்கள் பெண்பிள்ளைகள். ஓடுவதில்லை, யாரையும் அடிப்பதில்லை. கடைசி வரிசையில் அமைதியாக அமர்ந்து மனத்தால் எங்கோ அலைகிறார்கள். ஆசிரியைக்குத் தொந்தரவு தராத பிள்ளையை யாரும் பரிசோதிக்க அனுப்புவதில்லை. பத்தாம் வகுப்பில் பாடச்சுமை ஏறும்போது மதிப்பெண்கள் சரிகின்றன. அப்போது குடும்பம் கைப்பேசியைக் குற்றஞ்சாட்டுகிறது, வயதைக் குற்றஞ்சாட்டுகிறது. இன்னும் சிலர் திருமணமாகித் தாயாகிவிடுகிறார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. மின்கட்டண நாள் தவறிப்போகிறது. தன்னைத் தானே வெறுக்கத் தொடங்குகிறார்கள். தம் பிள்ளையை மருத்துவர் விசாரிக்கும்போதுதான் அந்தக் கேள்விகள் எல்லாம் தம்மைப் பற்றியவை என்று அறிந்து திகைக்கும் தாய்மாரும் தந்தைமாரும் உண்டு. முப்பது, நாற்பது வயதில் பரிசோதிப்பது காலங்கடந்த செயலாகாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் திருத்திய கையேட்டில், அறிகுறிகள் ஏழு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்றிருந்ததைப் பன்னிரண்டு வயதுக்குள் என்று மாற்றியது. ஒன்பது அறிகுறிகளுள் ஆறு வேண்டும் என்றிருந்ததைப் பதினேழு வயது நிறைந்தோருக்கு ஐந்து எனக் குறைத்தது. பெரியவர்களும் இதில் அடங்குவர் என்பதற்கு இதைவிடத் தெளிவு வேண்டுமோ?

மறுபுறத்தாரையும் கண்டிக்காமல் விடுவது நேர்மையாகாது. பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் பெயரிட்டு அனுப்பும் அவசரக்காரர்கள் இருக்கிறார்கள். மூளையைப் படமெடுத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனையோ மூளைப்படமோ மட்டும் கொண்டு இதனை உறுதிசெய்ய இன்றுவரை வழியில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் சிறார்களைக் கொண்டு நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆய்வு நம் கண்களைத் திறக்க வேண்டும். ஜனவரியில் பிறந்த சிறுவர்களைவிட, அதே வகுப்பில் வயதில் மிக இளையவர்களான டிசம்பர் மாதத்துச் சிறுவர்களுக்கு இப்பெயர் நூற்றுக்கு முப்பது பங்கு அதிகமாக இடப்பட்டிருந்தது. சிறுபிள்ளைத்தனத்தையே நோயென்று எண்ணிவிட்டார்கள்! இதற்கு மாற்று, பரிசோதனையே வேண்டாம் என்பதன்று. நிதானமான பரிசோதனை வேண்டும் என்பதே.

அது எப்படி இருக்கும்? குழந்தை மனநல மருத்துவரோ, இதில் பயிற்சிபெற்ற குழந்தை மருத்துவரோ, மருத்துவ உளவியலாளரோ பெற்றோரிடம் பிறப்பு முதல் வளர்ச்சி வரலாற்றைக் கேட்பார். வீட்டில் மட்டுமா, பள்ளியிலுமா என்று ஆராய்வார். குறைந்தது இரு இடங்களில், ஆறு மாதங்களுக்கு மேலாக அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். ஆசிரியர் நிரப்பித் தரவேண்டிய வினாத்தாள் உண்டு. காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, இரவில் நன்றாக உறங்குகிறதா, இரத்தசோகை, தைராய்டு, வலிப்பு, வீட்டில் சண்டை, அண்மையில் நேர்ந்த இழப்பு, கற்றல் குறைபாடு ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்குவார். வயதுவந்தோர் பழைய மதிப்பெண் அட்டைகளையும், தம் சிறுவயதை அறிந்த தாயையோ அக்காவையோ உடன் அழைத்துச் செல்வது நலம். உலக சுகாதார நிறுவனத்தின் சுயமதிப்பீட்டு வினாக்கள் ஐயத்தை எழுப்பலாமேயன்றி முடிவைச் சொல்லா.

பரிசோதனை என்றாலே மாத்திரை என்று அஞ்சவும் வேண்டாம். ஆறு வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோருக்கான பயிற்சியே முதற்படி. அதன்பின் மருந்து தேவையா என்பதை மருத்துவரும் பெற்றோரும் கூடி முடிவு செய்வார்கள்; தேவையென்றால் உயரம், எடை, பசி, உறக்கம் ஆகியவற்றைக் கண்காணித்தே தருவார்கள்.

“இதற்கெல்லாம் பணக்காரர்களால்தான் முடியும்” என்பது இறுதித் தடை. 2013-ல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டம் பிறப்பு முதல் பதினெட்டு வயது வரையுள்ளோருக்கானது. அதன் பட்டியலில் உள்ள நிலைகளுள் இக்கோளாறும் ஒன்று. மாவட்ட அளவில் அமைந்த ஆரம்பநிலை இடையீட்டு மையங்களுக்கு இத்திட்டத்தின் வழியே செல்லலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உண்டு. 2022-ல் தொடங்கிய 14416 என்னும் இலவச மனநலத் தொலைபேசி தமிழிலும் பேசும். ஆனால் அரசை நோக்கி எழுப்ப வேண்டிய குரலும் உண்டு: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் குறிப்பிடுகிறது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் இருக்க, ஏ.டி.எச்.டி. தனி வகையாக இடம்பெறவில்லை. இந்த இடைவெளியில் தேர்வுச் சலுகைக்கு அலைந்து திரிபவை எளிய குடும்பங்களே.

கல்விப் பணியைப் பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் நாம், நம் பள்ளிகளிலிருந்து தொடங்குவோம். முன்வரிசையில் ஓர் இடம், வீட்டுப்பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்துத் தருதல், வினாத்தாளை உண்மையுடன் நிரப்பித் தரும் ஆசிரியர், மாற்றுச் சான்றிதழைக் காட்டி மிரட்டாத தலைமையாசிரியர்: இவற்றுக்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. பங்குகளில் உள்ள பெற்றோர் குழுக்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு மனநல மருத்துவரை அழைத்துப் பேசச் செய்யலாம். பார்வை மங்கிய பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கித் தருகிறோம். கரும்பலகை தெரியவில்லை என்பதற்காக அதனை அடிப்பதில்லை. அதே நீதியைக் கவனம் சிதறும் பிள்ளைக்கும் வழங்குவோம். பிரம்பை எடுக்கும் முன் காரணத்தைக் கேட்போம்.