விறகுக் கட்டு

பண்டாரவளையிலிருந்து எல்ல நோக்கிச் சென்ற புகையிரதத்தில், லண்டனிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் என் அருகில் அமர்ந்திருந்தார். தண்டவாள ஓரமாகத் தோட்டத்துப் பெண்ணொருவர் தலையில் விறகுக் கட்டுடன் நடந்து போனார். "இப்படியே வெட்டிக்கொண்டிருந்தால் காடு எப்படி மிஞ்சும்?" என்றார் நண்பர். அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்தக் கட்டில் இருந்தவை யூக்கலிப்டஸ் கிளைகள். தோட்ட நிர்வாகங்கள் நட்டு வளர்க்கும் மரம் அது. 2022இல் எரிவாயு இன்றிக் கொழும்பே விறகு தேடியபோது அதைக் காடழிப்பு என்று எவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

காடு போன கதைக்கு ஆவணம் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிரூபிக்க இயலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியவை ஆக்கிற்று. அவை கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் அதே சரிவுகளில் தேயிலை ஏறிற்று. கோடரி பிடித்த கைகளில் எம்மவர் கைகளும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் கூலி வாங்கியவன் வேறு, காணி வாங்கியவன் வேறு. ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளிலோ பின்னாளில் அரசாங்கமே பைனஸ் நட்டது. காய்ந்த அதன் ஊசியிலைகளில் தீப்பற்றினால் விரல் நீள்வது லயத்தை நோக்கித்தான்!

உமா ஓயாச் சுரங்கம் தோண்டப்பட்டபோது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கினர். 2024 ஏப்ரலில் திட்டம் கோலாகலமாகத் திறந்துவைக்கப்பட்டது. அதற்குப் பெயர் அபிவிருத்தி.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. "எச்சரித்தும் ஏன் போகவில்லை?" என்று அப்போதும் கேட்டார்கள். எங்கே போவது? லயமும் அவர்களுடையதன்று, அது நின்ற மண்ணும் அவர்களுடையதன்று. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சிதைத்தபோதும் மலைச்சரிவுகளில் இருந்தவர்கள் இதே மக்கள்தாம்.

நண்பர் அன்றிரவு தங்கியது, சரிவை வெட்டி எழுப்பிய ஒரு விடுதியில். விடிந்ததும் யன்னலைத் திறந்து, "அடடா, என்ன காடு!" என்றார். எதிரே தெரிந்தது தேயிலை. அதற்கு மேலே, வரிசையாக, யூக்கலிப்டஸ்.