மகளிர் மருத்துவமும் மறுக்கப்பட்ட மொழியும்

1857 ஆம் ஆண்டிலே 'பிரசவ வைத்தியம்' என்னும் நூல் தமிழில் வெளிவந்தது. மோன்செல் என்பார் ஆங்கிலத்தில் எழுதிய மகப்பேற்று நூலின் தமிழாக்கம் அது. அதனை வெளிக்கொணர்ந்தவர் அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயை நிலைக்களனாகக் கொண்டு, சுதேச மாணாக்கர் அறுபதின்மருக்கு மேற்பட்டோரை மேனாட்டு மருத்துவத்திற் பயிற்றுவித்த அவர், 1860களிலே பயிற்றுமொழியையும் தமிழாக்கினார். கொழும்பில் மருத்துவப் பாடசாலை தோன்றியது 1870 இல். அங்கு டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டது 1879 இல். அவற்றுக்கு முன்னரே, கருவுற்ற பெண்ணின் உடலைப் பற்றிய புதிய அறிவு யாழ்ப்பாணத்திலே தமிழிற் பேசத் தொடங்கிவிட்டது. இன்று அதே மண்ணில் அவ்வறிவு பெண்ணுக்கு விளங்காத மொழியிற் பேசுகின்றது. இதனை வளர்ச்சி என்பதா, வீழ்ச்சி என்பதா?

யாழ்ப்பாணத்தில் மகளிர் மருத்துவ நிபுணத்துவம் இல்லை என்பதன்று வழக்கு. போதனா வைத்தியசாலை உண்டு. தெல்லிப்பழையிலும் பருத்தித்துறையிலும் சாவகச்சேரியிலும் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. 1978 முதல் மருத்துவ பீடம் உண்டு. மாலை வேளைகளிற் 'சனல்' சீட்டுடன் தனியார் மனைகளிற் காத்திருப்போர் வரிசையும் உண்டு. வைத்தியருட் பெரும்பாலார் தமிழர், நோயாளரும் தமிழர். ஆயினும் நோயின் பெயர் ஆங்கிலம், ஸ்கான் அறிக்கை ஆங்கிலம், வீடு செல்லும்போது கையிற் கிடைக்கும் குறிப்பு ஆங்கிலச் சுருக்கெழுத்து. தன் வயிற்றுக்குள் நிகழ்ந்ததை அறிய ஒரு பெண் அயல்வீட்டுப் பல்கலைக்கழக மாணவனிடம் துண்டை நீட்ட வேண்டியுள்ளது. அவனிடம் எதனைக் காட்டலாம், எதனைக் காட்டலாகாது என்பதும் அவளுக்கு விளங்காது. நின்று விளக்கும் நல்ல வைத்தியர் சிலர் உளர். அவரது பண்பு போற்றற்குரியது. எனினும், தனிமனிதர் பண்பை நம்பியிருப்பது ஓர் ஒழுங்காகாது.

இதனால் நேரும் கேடு சிறிதன்று. 'கருப்பை எடுத்தாயிற்று' என்பதற்கு மேல் எதுவும் அறியாத பெண்கள் பலர் நம்மிடையே வாழ்கின்றனர். கருப்பையோடு சூலகங்களும் அகற்றப்பட்டனவா? அகற்றப்பட்டிருப்பின் மாதவிடாய் நிறுத்தத்தின் விளைவுகள் உடனே தொடங்கும், எலும்பு தேயும், அதற்கேற்ற கவனிப்பு வேண்டும். கருப்பைக் கழுத்து எஞ்சியுள்ளதா? எஞ்சியிருப்பின் அதிற் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் எஞ்சியுள்ளது, பரிசோதனையைக் கைவிடலாகாது. இவ்விரு வினாக்களுக்கும் விடை அறியாதவள் பத்தாண்டு கழித்து வேறொரு வைத்தியரிடம் செல்லும்போது, அவள் உடலின் வரலாறு அவளிடமே இராது. சத்திரசிகிச்சை செம்மையாக நடந்திருக்கலாம். சிகிச்சை பாதியிலேயே நின்றுவிட்டது.

மகப்பேறின்மையின் நிலை இதனினும் கொடிது. உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தோரில் ஏறத்தாழ ஆறிலொருவர் வாழ்நாளில் ஒருகாலத்தேனும் இக்குறைக்கு உட்படுகின்றனர். காரணம் ஆணிடத்தும் இருக்கலாம், பெண்ணிடத்தும் இருக்கலாம், இருவரிடத்தும் இருக்கலாம். விந்துப் பரிசோதனை எளியது, செலவு குறைந்தது, உடலை வருத்தாதது. ஆயினும் நடப்பது என்ன? பெண் ஆண்டுக்கணக்கில் மருந்துண்கிறாள். நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைக்கிறாள். கணவனோ வைத்தியசாலை வாயிலிற் காத்திருக்கிறான். தமிழ் அகராதியில் மலடி உண்டு, மலடனும் உண்டு; ஊர் நாவில் வாழ்வது முன்னையது மட்டுமே. அறிவு தமிழிற் பேசாத இடத்தில் வசை தமிழிற் பேசும். நேர்த்தியைக் குறை கூறுவதிற் பயனில்லை. அம்மன் சந்நிதியில் அவள் சொல்வது அம்மனுக்கு விளங்குகிறது என்ற நம்பிக்கையாவது அவளுக்கு உண்டு.

தாய்மொழி மருத்துவத்தின் ஆற்றலுக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1930களின் முற்பகுதியில் இலங்கையில் ஓரிலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 2000 தாய்மார் இறந்தனர். அண்மைக் காலத்தில் அத்தொகை நாற்பதை அண்டியோ அதனிற் குறைந்தோ உள்ளது. வைத்தியசாலைகளுக்கும் புதிய மருந்துகளுக்கும் இவ்வெற்றியிற் பங்குண்டு. ஆனால் ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்று, கர்ப்பிணியின் வீட்டுத் திண்ணையில் இருந்து, அவள் பேச்சிலேயே பேசிய குடும்பநல உத்தியோகத்தரின் பங்கு எவற்றினுங் குறைந்ததன்று. அடித்தளத்தில் தமிழ் பேசி வென்ற ஒரு மருத்துவ ஒழுங்கு, உச்சிக்குச் செல்லச் செல்ல ஊமையாவது ஏன்?

'மருத்துவச் சொற்களைத் தமிழ் தாங்காது' என்பர் சிலர். உயர்தர வகுப்பில் உயிரியலைத் தமிழிலே கற்று, சூலகம், சூல்வித்தகம் என எழுதிச் சித்தியெய்தியே யாழ்ப்பாண மாணாக்கர் மருத்துவ பீடம் புகுகின்றனர். ஐந்தாண்டில் அச்சொற்கள் மறக்கப்படுகின்றன எனில், தவறு தமிழினதன்று. 'சூல்வித்தகம் என்றால் எந்தக் கிழவிக்கு விளங்கும்?' எனின், அவளுக்கு இளங்கொடி விளங்கும். ஸ்கான் ஸ்கானாகவே இருக்கட்டும். கிறீனும் தம் இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றே பெயரிட்டார். தூய சொல்லன்று இங்கு வேண்டப்படுவது, முழுமையான வாக்கியம். யாழ்ப்பாண மருத்துவ பீடத்திற் சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கிய சிவஞானசுந்தரம், நந்தி என்னும் புனைபெயரில் 'நந்தினி உன் குழந்தை' போன்ற நூல்களை எழுதி, அவ்வாக்கியம் இயலும் என்பதை நிறுவியுள்ளார்.

'நேரமில்லை' என்பது அடுத்த தடை. நெரிசல் மெய், அதனை மறுப்பார் இலர். ஆனால் அச்சிட்ட ஒரு தமிழ்த் தாளை நிரப்பும் நேரம், விளக்கமின்மையால் அப்பெண் மீண்டும் மீண்டும் வரும் நேரத்திலும் குறைந்ததே. இதில் ஒருவரும் சலுகை கேட்கவில்லை. 1988 ஆம் ஆண்டின் பதினாறாம் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ். காணி உறுதிக்கும் கந்தோர்க் கடிதத்துக்கும் கேட்கும் உரிமையைக் கருப்பைக்குக் கேட்கலாகாதா?

ஆகவே செய்யவேண்டியவை மூன்று. சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட ஒவ்வொரு பெண்ணும், நோய் யாது, அகற்றப்பட்டது யாது, எஞ்சியது யாது, அடுத்துச் செய்யவேண்டியது யாது என்பவற்றைத் தமிழில் எழுதிய தாளுடன் வீடு செல்லல் வேண்டும். மகப்பேறின்மைக்கு வரும் தம்பதியர் இருவரையும் முதல் நாளிலேயே ஒருங்கே பரிசோதித்தல் வேண்டும். மகப்பேற்று மருத்துவத்தில் இறுதித் தேர்வெழுதும் மாணாக்கர், ஒரு நோயை ஒரு தாய்க்குத் தமிழில் விளக்கிக் காட்டியே சித்தியெய்தல் வேண்டும். இவற்றுக்குப் புதிய கட்டடம் வேண்டா, கடன் வேண்டா, வெளிநாட்டு நன்கொடையும் வேண்டா.

தமிழ்ச் சங்கங்களுக்கும் இதிற் கடமையுண்டு. சங்க மகளிரின் புலமையை விழா மேடைகளிற் புகழ்வோர், தம் தாயர் கையிலுள்ள மருந்துத் துண்டை அவர் வாசிக்க இயலாதிருப்பதையும் நோக்குதல் வேண்டும். கடல் கடந்து வந்த ஓர் அந்நியர் தமிழில் எழுதலாம் எனத் துணிந்ததைத் தமிழ்ப் பெண்ணுக்குத் தமிழ் வைத்தியர் சொல்லத் தயங்குவாராயின், அத்தயக்கத்துக்கு மொழி காரணமன்று. பெண் அறியவேண்டியதில்லை என்னும் பழைய எண்ணமே காரணம். அதுவே முதற்கண் அகற்றப்பட வேண்டிய கட்டி.