தூக்கத்தில் ஓடும் ரேஸ் கார்

கார்ட்டூன் சேனல்ல இந்த மாதிரி ஒரு கதையை எப்படியும் பார்த்திருப்பீங்க. ஊரிலேயே வேகமான ரோபோ. பெரிய ரேஸுக்கு முதல் நாள் ராத்திரி, வேற்றுக் கிரகத்திலிருந்து ஒரு ஆசாமி சத்தமில்லாமல் வந்து அதன் மண்டைக்குள் புகுந்துடுவான். ரோபோவுக்குக் கனவு ஆரம்பம். கனவில் ரேஸ் நடக்குது, நம்மாளு எல்லாரையும் முந்துறான், ஜனம் விசில் அடிக்குது. நிஜத்தில் அது ஷெட்டுக்குள் குப்புறக் கிடக்குது. அதை எழுப்ப ஒரு வாண்டுப் பையன் வருவான். சுபம்.

‘சின்னப் பசங்க சமாச்சாரம்’னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க பாஸ். இதே கதை பட்டப்பகலில், கேமரா முன்னாடி, நிஜமா நடந்திருக்கு.

2020 அக்டோபர். இங்கிலாந்தில் த்ரக்ஸ்டன்னு ஒரு ரேஸ் டிராக். ‘ரோபோரேஸ்’னு அப்போ ஒரு போட்டி நடந்துக்கிட்டிருந்தது. டிரைவரே கிடையாது, கார் தானே ஓட்டிக்கணும். எல்லா டீமுக்கும் ஒரே மாதிரி வண்டி. வித்தியாசம் சாஃப்ட்வேரில் மட்டும்தான். எஸ்.ஐ.டி. அக்ரோனிஸ் டீமோட கார் ஸ்டார்ட்டிங் லைனில் நிக்குது. சிக்னல் கிடைச்சது. கார் கிளம்பிச்சு. கிளம்பின வேகத்தில் நேரா வலதுபக்கம் திரும்பி, பக்கத்திலேயே இருந்த சுவரில் போய் ‘டமால்’. வளைவே வரலை, பக்கத்தில் வேற வண்டி இல்லை. அந்த வீடியோவை உலகமே பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சது.

சிரிச்சு முடிச்சாச்சா? இப்போ உள்ளே புகுந்த ஆசாமி யாருன்னு பார்ப்போம்.

டீமைச் சேர்ந்த ஒரு இன்ஜினீயர் பிறகு சொன்ன விளக்கம் இது: ரேஸுக்கு முன்னாடி காரைத் தயார் பண்றதுக்காக ஒரு சுற்று ஓட்டினாங்க. அப்போ ஏதோ ஒரு கோளாறு. ஸ்டியரிங்குக்குப் போக வேண்டிய எண்ணுக்குப் பதிலா ‘நாட் எ நம்பர்’ வந்துடுச்சு. ஸ்டியரிங் வலதுபக்கக் கடைசி வரைக்கும் போய் அங்கேயே பூட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் சிக்னல் வந்தா என்ன, வராட்டி என்ன?

‘நாட் எ நம்பர்’... ஆங்கிலத்தில் அதைச் சுருக்கினா, தமிழில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறப்போ ‘நான்’னு வருது! சும்மா சொல்லலை, குணமும் அதேதான். ஃப்ளோட்டில் சைபரைச் சைபரால் வகுத்துப் பாருங்க, இந்த ‘நான்’ எட்டிப் பார்க்கும். ‘விடை ஒரு எண்ணே இல்லை’ன்னு கம்ப்யூட்டர் கையை விரிக்கிறதுக்கான அடையாளம் அது. 1985-ல வந்த ஐ-ட்ரிபிள்-ஈ 754 ஸ்டாண்டர்ட் இதுக்கு விதிகளை வகுத்துச்சு. ‘நான்’கூட எதைக் கூட்டினாலும் ‘நான்’. எதால் பெருக்கினாலும் ‘நான்’. ஒரு துளி உள்ளே வந்தா போதும், அதைத் தொட்ட கணக்கெல்லாம் அதுவாவே மாறிடும். பாலில் விழுந்த எலுமிச்சைச் சாறு மாதிரி.

இதைவிட விவகாரமான குணம் ஒண்ணு இருக்கு. ‘நான்’ யாரைவிடவும் பெரிசு இல்லை, யாரைவிடவும் சின்னதும் இல்லை, தனக்குத்தானே சமமும் இல்லை. மூணு கேள்விக்கும் கம்ப்யூட்டர் ‘இல்லை’ன்னுதான் பதில் சொல்லும். இதில் என்ன ஆபத்துன்னு கேக்குறீங்களா? வழக்கமா நாம கோடில் காவலுக்கு என்ன எழுதுவோம்? ‘ஸ்டியரிங் கோணம் வரம்பைவிட அதிகமா இருந்தா நிறுத்து’. வாசலில் நிக்கிற வாட்ச்மேன் கேக்குறார்: “தம்பி, நீ வரம்பைவிட அதிகமா?” ‘நான்’ சொல்லுது: “இல்லை.” “அப்போ உள்ளே போ.” ஐ.டி. கார்டே இல்லாதவன் காலேஜ் டே கச்சேரிக்குள் ஹாயா நுழைஞ்ச கதைதான்.

அதே காவலைத் திருப்பி எழுதிப் பாருங்க: ‘கோணம் வரம்புக்குள் இருந்தா மட்டும் விடு, மத்த எல்லாத்தையும் நிறுத்து’. கணக்குப் பாடத்தில் ரெண்டும் ஒண்ணு. மெஷினில் ஒண்ணு இல்லை. “வரம்புக்குள் இருக்கியா?”ன்னு கேட்டாலும் ‘நான்’ “இல்லை”ன்னுதான் சொல்லும், ஆனா இந்தத் தடவை வெளியே தள்ளிடுவாங்க. ரெண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு கார் நொறுங்கலாம். த்ரக்ஸ்டனில் எந்த வாட்ச்மேன் கோட்டை விட்டார்ங்கிறது அவங்க வீட்டு விஷயம். நம்ம ப்ராஜெக்ட் கோடில் எத்தனை வாட்ச்மேன்கள் முதல் ரகம்னு இன்னைக்கே எண்ணிப் பார்த்துடலாம்.

இதுக்கு ஏன் கனவுன்னு பேர் வைக்கணும்? விளக்குறேன்.

தானே ஓட்டுற கார் சாலையைப் பார்த்து ஓட்டலை. ஜி.பி.எஸ். ‘நீ இங்கே இருக்கே’ன்னு ஒண்ணு சொல்லும். லேசர் ‘எதிரில் இவ்வளவு தூரத்தில் ஏதோ இருக்கு’ன்னு சொல்லும். சக்கரம் எத்தனை சுற்று சுத்திச்சுன்னு இன்னொரு தகவல் வரும். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பொய் சொல்லும். இதையெல்லாம் கலந்து, கார் தனக்குள் ஒரு படம் வரைஞ்சுக்குது: ‘நான் இங்கே இருக்கேன், இவ்வளவு வேகத்தில் போறேன், மூக்கு இந்தத் திசையில் இருக்கு’. ஸ்டியரிங் திரும்புறது அந்தப் படத்தை நம்பித்தான். படமும் சாலையும் ஒத்துப்போற வரைக்கும் அதுக்குப் பேர் ஓட்டுறது. ஒத்துப்போகலைன்னா? அப்பவும் கார் அதே தைரியத்தோடதான் ஓட்டும். தூக்கத்தில் நடக்கிறவங்க கண்ணைத் திறந்துக்கிட்டே நடப்பாங்கன்னு சொல்வாங்களே, அந்த மாதிரி.

நிஜக் கனவிலேயே ரோபோவுக்கு டிரெய்னிங் கொடுத்தவங்களும் உண்டு. 2018-ல டேவிட் ஹா, யூர்கன் ஷ்மிட்ஹூபர்னு ரெண்டு பேர் ‘வேர்ல்டு மாடல்ஸ்’னு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டாங்க. முதலில் ஒரு கார் ரேஸ் கேம். அதை 10,000 தடவை கன்னாபின்னான்னு ஓட்ட விட்டு, திரையில் தெரியுற ஒவ்வொரு காட்சியையும் 32 எண்களா சுருக்க ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குப் பழக்கினாங்க. அடுத்து என்ன வரும்னு ஊகிக்க இன்னொண்ணு. இந்த ரெண்டையும் வெச்சுக்கிட்டு ஓட்டின கார், அந்த கேமில் ‘பாஸ்’ ஆக வேண்டிய 900 மார்க்கைத் தாண்டி 906 எடுத்துச்சு. இது நல்ல பிள்ளை.

அடுத்த கேம்தான் சூப்பர். டூம் கேம் தெரியும் இல்லையா? அதில் ஒரு அறை, எதிரில் பூதங்கள், அதுங்க நெருப்பு உருண்டை வீசும், நாம விலகணும். எவ்வளவு நேரம் உயிரோட இருக்கியோ அதுதான் மார்க். இந்தத் தடவை நிஜ கேமையே காட்டாம, அந்த நெட்வொர்க் கற்பனை பண்ணின கேமுக்குள்ளேயே பயிற்சி கொடுத்தாங்க. முழுக்க முழுக்கக் கனவில்! ரோபோ என்ன பண்ணிச்சு தெரியுமா? கனவில் ஒரு ஓட்டை இருக்கிறதைக் கண்டுபிடிச்சது. ஒரு குறிப்பிட்ட விதமா நகர்ந்தா, கனவில் வர்ற பூதங்கள் நெருப்பு வீசவே மறந்துடுது. அப்புறம் என்ன, கனவில் 2,086 மார்க்! எழுப்பி நிஜ கேமில் விட்டாங்க. 193. எதுவுமே கத்துக்காம கண்டபடி ஆடுற ரோபோ எடுக்கிற மார்க் 210. அதாவது படிக்காமப் போனவனைவிடக் கம்மி. (போன வருஷக் கேள்வித்தாளை மட்டும் கரைச்சுக் குடிச்சுட்டுப் போற நண்பர்கள் கவனிக்க.)

கனவிலிருந்து எப்படி மீட்டாங்க? கனவையே கெடுத்தாங்க. அந்த நெட்வொர்க்கில் ‘டெம்பரேச்சர்’னு ஒரு திருகு இருக்கு. அதை ஏத்தினா அடுத்து என்ன வரும்ங்கிறது இன்னும் குழப்பமாகும். பூதங்கள் எப்போ வீசும்னு சொல்ல முடியாது. ஓட்டை அடைபட்டுப் போச்சு. அந்தக் கொடுங்கனவில் ரோபோ எடுத்தது சுமார் 918தான். ஆனா முழிச்சதும் நிஜத்தில் 1,092! பாஸ் மார்க் 750.

இதுவரைக்கும் பார்த்த வில்லன் எல்லாம் உள்ளேயே பிறந்தவன். வெளியே இருந்து வர்றவனும் உண்டு. 2013-ல டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாட் ஹம்ஃப்ரீஸ் டீம், மத்தியதரைக் கடலில் 65 மீட்டர் நீளமுள்ள ஒரு சொகுசுக் கப்பலில் ஏறினாங்க. அனுமதியோடதான். விண்ணிலிருந்து வர்ற ஜி.பி.எஸ். சிக்னல் ரொம்பப் பலவீனமானது. இவங்க கொண்டுபோன சின்னப் பெட்டி அதே மாதிரி போலி சிக்னலை அனுப்பி, மெதுவா சத்தத்தைக் கூட்டிக்கிட்டே வந்துச்சு. கப்பலோட கருவி அசலை விட்டுட்டுப் போலியைப் பிடிச்சுக்கிச்சு. ஒரு அலாரமும் அடிக்கலை. ‘வழி மாறிட்டோம்’னு நினைச்சு கப்பல் சரியான பாதையிலிருந்து திரும்பிச்சு. மேப்பில் கோடு நேராவே இருந்தது. கப்பலுக்குப் பின்னாடி தண்ணியில் விழுந்த தடம் மட்டும் வளைஞ்சிருந்தது.

அந்தத் தடத்தைத் திரும்பிப் பார்க்கிற புத்திதான் மெஷினுக்கு வேணும். அதாவது, ஒருத்தன் சொல்றதை இன்னொருத்தன் சொல்றதோட ஒத்துப் பார்க்கிறது. இந்த வித்தையை அழகா செஞ்சது ‘ஸ்டான்லி’. 2005-ல அமெரிக்காவின் மோஹாவி பாலைவனத்தில் 212 கிலோமீட்டர் ரேஸை 6 மணி 53 நிமிஷத்தில் முடிச்சு ஜெயிச்ச ஸ்டான்ஃபோர்டு கார். முந்தின வருஷம் அதே போட்டியில் யாரும் 12 கிலோமீட்டரைக்கூடத் தாண்டலை. ஸ்டான்லியோட பிரச்னை பேய். இல்லாத சுவர் கண்ணுக்குத் தெரியும்! கூரையில் லேசர். வண்டி குலுங்குறப்போ அது எவ்வளவு சாஞ்சிருக்குன்னு அரை டிகிரி தப்பா நினைச்சாலே, 20 மீட்டர் தள்ளி இருக்கிற தரை 17 சென்டிமீட்டர் உயரமாத் தெரியும். உங்க கால்குலேட்டரில் போட்டுப் பாருங்க. சோதனையில் ஓட்டக்கூடிய நல்ல தரையில் 12.6 சதவிகிதத்தைத் ‘தடை’ன்னு சொல்லிச்சு. அப்புறம் டீம் ஒரு விஷயத்தைச் சேர்த்தது: ரெண்டு அளவுக்கு நடுவில் எவ்வளவு நேரம் ஆச்சோ, அவ்வளவுக்கு நம்பிக்கையைக் குறைச்சுக்கோ. பேய்கள் 0.002 சதவிகிதமாச் சுருங்கிச்சு. புது சென்சார் எதுவும் வாங்கலை. சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்தாங்க, அவ்வளவுதான்.

நம்ம சிம்போசியங்களில் ஓடுற லைன் ஃபாலோயர் ரோபோவுக்கு ஜன்னல் வழியா வெயில் விழுந்தாலே வேற்றுக் கிரகவாசி வந்த மாதிரிதான். கறுப்புக் கோட்டை விட்டுட்டு ஜட்ஜ் காலைத் தேடிப் போகும். பெரிய இடத்திலும் அப்படித்தான்னு தெரிஞ்சா கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.

2007 நவம்பர் 3. கலிஃபோர்னியாவில் விக்டர்வில். பாலைவன ரேஸுக்கு அடுத்ததா நடந்த ‘அர்பன் சேலஞ்ச்’. ஆளில்லாத கார்கள் ஊருக்குள் மாதிரி டிராஃபிக் ரூல்ஸை மதிச்சு ஓட்டணும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கார் முதல் இடத்தில் நிக்குது. அதோட பேரே ‘பாஸ்’. கிளம்புற நேரத்தில் ஜி.பி.எஸ். கிடைக்கலை. வானம் வெறும் வானமா இருக்கு, வண்டியிலும் கோளாறு இல்லை. ‘கிடைச்ச வரைக்கும் போதும், கிளப்பு’ன்னு யாரும் அவசரப்படலை. மத்த கார்களை முன்னாடி போக விட்டுட்டு, என்ன ஏதுன்னு தேடினாங்க. கடைசியில் பார்த்தா, ஜனங்க வேடிக்கை பார்க்க ஸ்டார்ட்டிங் லைன் பக்கத்தில் வெச்சிருந்த ராட்சத டி.வி. திரை! அதிலிருந்து கிளம்பின அலைதான் ஜி.பி.எஸ்.ஸை அமுக்கிட்டு இருந்தது.

டி.வி.யை அணைச்சாங்க. ‘பாஸ்’ முழிச்சுக்கிட்டு, லேட்டா கிளம்பி, முதல் பரிசு 20 லட்சம் டாலரைத் தூக்கிட்டு வந்தது.