மார்க்குக்கு வைத்தியம்!

லேப் ரெக்கார்ட் நோட்டு ஞாபகம் இருக்கிறதா? பரிசோதனை வந்ததோ இல்லையோ, படம் வரைந்து, ரீடிங் எழுதி, கையெழுத்து வாங்கிவிட்டால் மார்க் கிடைத்துவிடும். இதே ரெக்கார்ட் நோட்டு முறையை அமெரிக்க அரசு வைத்தியத்தில் புகுத்தியது. அந்தக் கூத்து இன்னும் முடியவில்லை.

அங்கே 65 வயது ஆனவர்களுக்கு அரசு நடத்தும் காப்பீட்டுக்கு மெடிகேர் என்று பெயர். 2007 ஜூலையில் மெடிகேர் ஒரு திட்டம் தொடங்கியது. மொத்தம் 74 தர அளவுகோல்கள். டாக்டர் தனக்குப் பொருந்தும் மூன்றை எடுத்துக்கொண்டு, அதற்குரிய நோயாளிகளில் 80 சதவீதம் பேருடைய பில்லில் ஒரு குறியீட்டைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்பினால் கட்டணத்தில் 1.5 சதவீதம் வரை போனஸ்.

வேடிக்கை இனிமேல்தான். "செய்தேன்" என்பதற்கு ஒரு குறியீடு. "செய்யவில்லை, காரணமும் சொல்வதற்கில்லை" என்பதற்கும் ஒரு குறியீடு. ஆரம்ப ஆண்டுகளில் இரண்டுக்கும் ஒரே போனஸ்! வைத்தியத்துக்குக் காசு இல்லை, தகவல் அனுப்பியதற்குத்தான் காசு. முதல் அரையாண்டுக்கு மட்டும் 3.6 கோடி டாலர் இப்படிப் போனது. எங்கே தவறினோம் என்ற அறிக்கை டாக்டர்கள் கைக்கு வந்ததோ 2008 ஜூலையில். பரீட்சை முடிந்து ஆறு மாதம் கழித்து!

"முதலில் பழகட்டும், தரம் தானாக வரும்" என்று வாதாடினார்கள். வந்ததா?

மருத்துவமனைகளுக்கு இதேபோல் வைத்த ஒரு அளவுகோலைப் பாருங்கள். நிமோனியா நோயாளிக்கு 4 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூச்சுத் திணறலோடு வரும் முதியவருக்கு இருப்பது நிமோனியாவா, இதயக் கோளாறா என்று தெரியவே நேரம் பிடிக்கும். கடிகாரத்துக்குப் பயந்து, நிமோனியா இல்லாதவர்களுக்கும் மருந்து ஏற்றினார்கள். பிறகு கெடுவை 6 மணி நேரமாக நீட்டி, கடைசியில் கைவிட்டார்கள். ஏற்றிய மருந்தை யார் திரும்ப எடுப்பது?

பிரீமியர் என்ற மருத்துவமனைக் கூட்டமைப்பில் 2003 முதல் 2009 வரை போனஸ் கொடுத்துச் சோதித்தார்கள். 2012ல் வெளிவந்த ஆய்வு, போனஸ் வாங்கும் திட்டத்தில் இருந்த 252 மருத்துவமனைகளை மற்றவற்றோடு ஒப்பிட்டது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் விகிதத்தில் வித்தியாசமே இல்லை!

செலவு மட்டும் குறையவில்லை. அரசுக்கும் தனியார் காப்பீடுகளுக்கும் தர அறிக்கை அனுப்புவதற்காக ஒரு டாக்டருக்கு வருடத்துக்கு 785 மணி நேரம் (ஊழியர் நேரமும் சேர்த்து) போகிறது என்று 2016ல் ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. நான்கு வகை கிளினிக்குகளில் மட்டும் ஆண்டுச் செலவு 1,540 கோடி டாலர். பெரிய மருத்துவமனை இதற்கென்று ஆள் வைத்துக்கொள்ளும். ஒற்றை டாக்டர் நடத்தும் கிராமத்துக் கிளினிக் என்ன செய்யும்?

2015ல் கரும்பு போய்ப் பிரம்பு வந்தது. அறிக்கை அனுப்பாவிட்டால் அபராதம்! 2017ல் வேறு பெயரில் புதிய திட்டம். அரசுக்கு ஆலோசனை சொல்லும் மெடிகேர் ஆணையமே 2018ல், 14க்கு 2 என்ற வாக்கில், "இதை ஒழித்துவிடுங்கள்" என்றது. ஒழிக்கவில்லை.

"அளக்காமல் எப்படித் திருத்துவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அளக்கட்டும். நோயாளி பிழைத்தாரா, மறுபடி அட்மிட் ஆனாரா என்பதெல்லாம் ஏற்கெனவே பில்களில் இருக்கிறது. அதை அரசே எடுத்துக்கொள்ளலாமே? டாக்டரை குமாஸ்தா ஆக்குவானேன்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கட்டத்தில் டிக் அடிக்கக் காசு கொடுத்தால் டிக்குகள்தான் பெருகும். கட்டிலில் கிடப்பவருக்கு வேண்டியது, திரையைப் பார்க்காமல் தன் முகத்தைப் பார்க்கும் டாக்டர்.